இரண்டாம் வகுப்புக்கு ஒன்றரை மணி நேர வீட்டுப்பாடம்: மிஸ்ஸிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. சிபிஎஸ்இ பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் ஆங்கிலம் கர்சிவ் ஒரு பக்கம், தமிழில் பத்து சொற்கள் ஐந்து ஐந்து முறை, ஒரு வாய்ப்பாடு இரண்டு முறை எழுத வேண்டும். ஆறரைக்கு உட்கார்ந்தால் எட்டு மணி ஆகிவிடுகிறது. பாதி நாள் அழுதுகொண்டேதான் எழுதுகிறாள். "ஹோம்வொர்க் அதிகம், குறைக்கவும்" என்று டைரியில் எழுதினேன். "மற்ற பிள்ளைகள் முடிக்கிறார்கள், வீட்டில் பயிற்சி கொடுங்கள்" என்று சிவப்பு மையில் பதில் வந்தது. ஆத்திரத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அது மிஸ் காதுக்குப் போய்விட்டது. இப்போது அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வியாழக்கிழமை பாப்பா தூங்கிவிட்டதால், அவள் கையெழுத்து மாதிரி இருக்கட்டும் என்று நானே இடது கையால் எழுதி அனுப்பினேன். பள்ளியை மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். "நாங்கெல்லாம் எழுதலையா?" என்கிறார் மாமியார். இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்று கோர்ட் சொல்லியிருக்கிறதாமே, அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாமா?
– ஈரோடு வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்தது சரிதான். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன் 2018 மே மாதம் அப்படித்தான் உத்தரவிட்டார். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சிபிஎஸ்இ-யின் இணைப்பு விதிகளும் சொல்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2020-இல் வந்த பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அது தரும் உச்சவரம்பு வாரத்துக்கு 2 மணி நேரம். உங்கள் மகள் இரண்டே நாளில் அதைத் தாண்டிவிடுகிறாள்.

ஆனாலும் அந்தக் காகிதத்தை முதல் நாளே எடுத்துப் போகாதீர்கள். பள்ளி உத்தரவை மதிக்காது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த மிஸ் கிடையாது. எந்தத் தாளை எந்த வாரம் முடிக்க வேண்டும், நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்க வேண்டும் என்பதெல்லாம் மேலே முடிவாகிவிடுகிறது. மாதம் ஒருமுறை நோட்டுகளை வாங்கிப் பார்ப்பார்கள். பக்கம் காலியாக இருந்தால் கேள்வி கேட்கப்படுவது அவரிடம்தான். போதாததற்கு, "இந்த மிஸ் ஹோம்வொர்க்கே தர்றதில்லை, பிள்ளை சும்மா இருக்கு" என்று சொல்லும் பெற்றோர் எல்லா வகுப்பிலும் நாலு பேர் இருப்பார்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இருப்பார்கள், தேடிப் பாருங்கள். தீர்ப்பை மிஸ்ஸிடம் நீட்டினால், தன்னால் மாற்ற முடியாத ஒன்றுக்குத் தன்னைக் குற்றவாளி ஆக்குகிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். அதன் பிறகு உங்கள் மகள் சம்பந்தப்பட்ட எதற்கும் அவர் தானாக வளைந்து கொடுக்க மாட்டார். அந்தக் காகிதம் காட்ட வேண்டிய மேசை வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டைரியில் எழுதியது ஏன் பலிக்கவில்லை? "அதிகம்" என்ற சொல்லுக்கு அளவு கிடையாது. உங்களுக்கு அதிகமாகத் தெரிவது அவருக்குக் கொஞ்சம். அவர் கணக்கில் அந்த மூன்று வேலையும் சேர்ந்து அரை மணி நேரம்தான் இருக்கும். வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து, காலை பத்து மணிக்கு, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும் வேகத்தை வைத்து அவர் கணக்குப் போடுகிறார். மாலை ஆறரைக்கு மேல் அதே கை என்ன வேகத்தில் எழுதுகிறது என்பதை அவர் பார்த்ததே இல்லை. அதைக் காட்ட வேண்டியது நீங்கள்தான்.

ஒரு பழைய நோட்டை எடுத்து ஐந்து பள்ளி நாள்களுக்கு எழுதி வையுங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்குத் தொடங்கினாள், எத்தனை மணிக்கு முடித்தாள், எங்கே நின்றாள், அப்போது என்ன சொன்னாள், இவ்வளவு போதும். "செவ்வாய், கர்சிவ், 6.35–7.10, ஐந்தாவது வரியில் நிறுத்தினாள், கை வலிக்குது என்றாள்" என்கிற மாதிரி. "ரொம்ப அழுதாள், பாவமாக இருந்தது" போன்றவற்றை அதில் சேர்க்காதீர்கள். அந்த வாரம் நீங்கள் கத்தவும் வேண்டாம், கூட உட்கார்ந்து எழுதித் தரவும் வேண்டாம். எங்கே தடுக்கிறது என்று பார்ப்பது மட்டும்தான் வேலை.

தடுக்கும் இடம் மூன்று வகையாக இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலாவது, பாடமே புரியாதது. இதைச் சோதிக்கப் பென்சிலை வாங்கி வைத்துவிட்டு வாயால் கேளுங்கள். "மூணு நாலு எவ்வளவு?" என்றால் பதில் வருகிறதா? சொல்லைக் காட்டினால் படிக்கிறாளா? வாயால் சொல்லத் தெரிந்தால் பாடம் தெரிகிறது, எழுதுவதுதான் கஷ்டம். அது இரண்டாவது வகை. ஏழு வயதில் விரல் தசைகள் இன்னும் பலப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பென்சிலை நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடிக்கிறாளா, எழுத்தின் தடம் பின்பக்கம் புடைத்துத் தெரிகிறதா, தோளைத் தூக்கிக்கொண்டு எழுதுகிறாளா என்று கவனியுங்கள். இதற்கு இன்னும் ஒரு பக்கம் எழுத வைப்பது மருந்தாகாது. சப்பாத்தி மாவு பிசைவது, துணிக்கு கிளிப் மாட்டுவது, பட்டாணி உரிப்பது, களிமண் உருட்டுவது போன்ற வேலைகளால்தான் விரல் பலப்படும். முக்கோணப் பென்சில் வாங்கிக் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தொங்கக் கூடாது, காலுக்கடியில் ஒரு முக்காலியாவது வையுங்கள். மூன்றாவது, வெறும் களைப்பு. ஞாயிறு காலை பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலைக்குச் செவ்வாய் மாலை அரை மணி நேரம் ஆகிறது என்றால் இதுதான்.

களைப்புக்கு நீங்களே பாதி வழி செய்யலாம். பள்ளி வேன் வந்ததும் ஏதாவது சாப்பிடக் கொடுத்து, முக்கால் மணி நேரம் தெருவில் ஓடவிட்டு, ஐந்தரைக்குள் உட்கார வையுங்கள். ஆறரை என்பது இந்த வயதுக்குப் பிந்திய நேரம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. காலை ஆறரைக்கு எழுப்புகிறீர்கள் என்றால் இரவு ஒன்பது மணி விளக்கணைக்கும் நேரம், சாப்பிட வைக்கும் நேரம் அல்ல.

இடையில் ஒன்று. சில அடையாளங்களைக் கண்டால் வீட்டுப்பாடச் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதிய நோட்டில் மட்டும் சொற்கள் விட்டுப்போகின்றன, புத்தகத்தை முகத்தருகே வைத்துப் படிக்கிறாள் என்றால் இந்த வாரமே கண் பரிசோதனை செய்துவிடுங்கள். வாயால் கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிற பிள்ளை, நேற்று படித்த சொல்லையே இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள், அது மாதக்கணக்கில் தொடர்கிறது என்றால் கற்றல் குறைபாடு உண்டா என்று ஒரு சிறப்புக் கல்வியாளரிடம் காட்டலாம். ஆங்கில 'பி'யையும் 'டி'யையும் திருப்பிப் போடுவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஏழு வயது வரை நிறையப் பிள்ளைகள் செய்வதுதான்.

இனி அந்த வீட்டுப்பாடத்தையே கொஞ்சம் பார்ப்போம். உங்களுக்கும் மிஸ்ஸுக்கும் நடுவில் கிடக்கும் உண்மையான பிரச்சினை பக்க எண்ணிக்கையில் இல்லை, அந்த வேலை செய்ய வேண்டியதைச் செய்கிறதா என்பதில்தான் இருக்கிறது. உங்கள் மகள் வாய்ப்பாடு எழுதும்போது பின்னால் நின்று பாருங்கள். முதலில் மேலிருந்து கீழாக 3, 3, 3 என்று பத்து வரிக்கும் போடுவாள். பிறகு பெருக்கல் குறி பத்து. பிறகு 1 முதல் 10 வரை. பிறகு சமக்குறி பத்து. கடைசியில் விடைகளை மூன்று மூன்றாகத் தாண்டி எண்ணிப் போடுவாள், இல்லை நோட்டின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். பக்கம் நிரம்பிவிட்டது. "மூவேழு?" என்று ஒருமுறைகூட அவள் மண்டைக்குள் ஓடவில்லை. சொற்களும் அப்படித்தான். 'பள்ளி' ஐந்து முறை என்றால் ப, ப, ப, ப, ப என்று இறங்கி, பிறகு ள், ள், ள் என்று இறங்கும் பிள்ளைகள் ஏராளம். எழுதி முடித்த கையோடு நோட்டை மூடிவிட்டு டிக்டேஷன் போட்டால் 'பல்லி' என்று எழுதுவார்கள். ஏழு வயதுப் பிள்ளை கண்டுபிடிக்கிற சுருக்குவழி இது. அலுப்பான வேலைக்கு அதன் மூளை சரியாகத்தான் பதில் சொல்கிறது.

இதற்கு மாற்று: சொல்லைப் பார், மூடு, எழுது, திறந்து சரிபார். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு முறை போதும். பத்து சொல்லுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ல–ள–ழ, ர–ற, ன–ண குழப்பமும், ஒற்றெழுத்து விட்டுப்போவதும், கெ–கே, கொ–கோ தடுமாற்றமும் இதில் அன்றைக்கே தெரிந்துவிடும். ஐந்து முறை பார்த்து எழுதுவதில் இவை வெளியே வராது, பரீட்சைத் தாளில்தான் வரும். வாய்ப்பாட்டுக்கு, வரிசையாகச் சொல்ல வைக்காமல் குலுக்கிப் போட்டு எட்டுக் கேள்வி கேளுங்கள். மிஸ்ஸிடம் நீங்கள் கொண்டுபோகப் போவது இந்த மாற்றைத்தான். வெறுமனே "குறையுங்கள்" என்றால் அவர் விட்டுக்கொடுக்க வேண்டும். "இப்படிச் செய்து பார்த்தேன், டிக்டேஷனில் பத்துக்கு எட்டு வந்தது" என்றால் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

பேச்சுக்குப் போகும் முறை. பள்ளி விடும் நேரத்தில் கேட்டில் பிடித்து நிறுத்திப் பேசாதீர்கள். அவர் அப்போது முப்பது நாற்பது பிள்ளைகளை வேன் வேனாக ஏற்றிக்கொண்டிருப்பார். பேரண்ட்ஸ் மீட்டிங் நாளும் சரிப்படாது, உங்களுக்குப் பின்னால் வரிசை நிற்கும். டைரியில் இரண்டு வரி எழுதுங்கள்: "வணக்கம் மிஸ். பாப்பாவின் எழுத்து சம்பந்தமாக உங்களிடம் பத்து நிமிடம் பேச வேண்டும். எந்த நாள் உங்களுக்கு வசதி என்று சொன்னால் வருகிறேன்." குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். கணவரும் வருகிறார் என்றால், பள்ளி மாற்றும் பேச்சை அங்கே எடுப்பதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள். மிரட்டலாகத்தான் அது கேட்கும்.

உட்கார்ந்ததும் முதலில் வாட்ஸ்அப் விஷயத்தை முடித்துவிடுங்கள். "குரூப்ல போட்டது தப்பு மிஸ், முதல்ல உங்ககிட்டதான் வந்திருக்கணும்." அதோடு நிறுத்துங்கள். ஏன் போட்டேன் என்ற விளக்கத்துக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து சண்டை. மன்னிப்புக் கேட்பதால் நீங்கள் சொல்லவந்த விஷயம் பலவீனமாகிவிடாது. அந்த ஒரு வரி இல்லாமல் மீதி பேச்சு அவர் காதில் ஏறாது.

பிறகு ஐந்து நாள் குறிப்பை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். அவரே படிக்கட்டும். படித்து முடித்த பிறகு கேள்வியாகக் கேளுங்கள்: "இந்த மூணுல பாப்பாவுக்கு எது ரொம்ப முக்கியம்னு நினைக்கிறீங்க மிஸ்?" பெரும்பாலான ஆசிரியர்கள் ஒன்றைச் சொல்வார்கள். "அப்ப அதை முதல்ல முழுசா செய்ய வைக்கிறேன். மத்ததை இருபது நிமிஷம் முடியற வரைக்கும் செய்யட்டும். நின்ன இடத்துல கோடு போட்டு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். மூணு வாரம் இப்படிப் பார்க்கலாமா?" இருபது நிமிடம் என்பது கைக்கு வந்த எண் அல்ல. அமெரிக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக்குப் பத்து நிமிடம், இரண்டாம் வகுப்புக்கு இருபது என்று வகுப்புக்குப் பத்துப் பத்தாகக் கூட்டும் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த ஹாரிஸ் கூப்பர் அதை ஆதரிக்கிறார். தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மிகச் சொற்பம் என்பதும் அவர் கண்டதுதான். இதையெல்லாம் மிஸ்ஸிடம் ஒப்பிக்க வேண்டாம், உங்கள் தைரியத்துக்குச் சொல்கிறேன்.

மூன்று வாரம் என்று காலம் குறிப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. "இனிமேல் பாதிதான்" என்று கேட்டால் அவர் மேலிடத்தில் கேட்க வேண்டும். மூன்று வாரச் சோதனைக்கு ஒரு வகுப்பாசிரியர் தானே சம்மதிக்கலாம்.

"மத்த பிள்ளைங்க முடிக்கிறாங்களே" என்று மறுபடி வரும், வந்தே தீரும். யார் வீட்டில் அம்மா கையைப் பிடித்து எழுத வைக்கிறார், யார் டியூஷனில் முடித்துவிட்டு வருகிறது என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதில் இறங்காதீர்கள். "இருக்கலாம் மிஸ். பாப்பாவுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னுதான் காட்ட வந்தேன்" என்று குறிப்புக்கே திரும்புங்கள். "நோட் செக்கிங்ல கேட்பாங்க" என்றார் என்றால் அது நல்ல சகுனம், உண்மையான காரணம் வெளியே வந்துவிட்டது. "என் கையெழுத்தோட ஒரு லெட்டர் கொடுத்துடறேன், பெற்றோர் கேட்டாங்கன்னு நீங்க அதைக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். பொறுப்பு அவர் தலையிலிருந்து உங்கள் தலைக்கு வந்துவிடுகிறது. இந்த ஒரு கடிதத்திலேயே பாதிச் சண்டைகள் முடிந்துபோகும்.

சம்மதிக்கவில்லை, அல்லது சம்மதித்துவிட்டுக் குழந்தையை வகுப்பில் நிற்க வைக்கிறார் என்றால்? நிற்க வைப்பது, ஓய்வு நேரத்தைப் பிடுங்குவது, எல்லார் முன்னாலும் கிண்டலாகப் பேசுவது போன்றவை வேறு கணக்கு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அங்கே மூன்று வாரம் பொறுக்கத் தேவையில்லை, அன்றைக்கே தலைமையாசிரியரைப் பாருங்கள்.

வெறும் மறுப்பு என்றால் அடுத்த படி ஒருங்கிணைப்பாளர், அதற்கடுத்து முதல்வர். அந்த மேசைக்குத்தான் 2018 உத்தரவும் 2020 கொள்கையும். அங்கேயும் ஒரு பக்கக் கடிதமாகப் போங்கள்: தேதி, வகுப்பு, ஐந்து நாள் நேரக் கணக்கு, வகுப்பாசிரியரைப் பார்த்த நாள், விதி என்ன சொல்கிறது, நீங்கள் கேட்பது என்ன. மிஸ்ஸின் பெயரைக் குறை சொல்லும் வரி ஒன்றுகூட வேண்டாம், உங்கள் கேள்வி பள்ளியின் வழக்கத்தைப் பற்றியது. நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் சிபிஎஸ்இ-யின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு எழுதலாம். மற்ற பெற்றோரும் கையெழுத்திட்டால் கடிதத்துக்கு எடை கூடும். ஆனால் வாட்ஸ்அப்பில் "நானும் நானும்" என்றவர்களில் பேனாவை எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். அவர்கள் எழுதினார்கள்தான். ஆனால் இரண்டாம் வகுப்பில் சிலேட்டும் குச்சியுமாக, ஒரே மொழியில், கர்சிவ் இல்லாமல் எழுதியிருப்பார்கள். மேலும் இந்தச் சுமைப் பேச்சு இன்றைக்கு முளைத்ததும் இல்லை. எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் 1989-இல் மாநிலங்களவையில் தன் முதல் பேச்சையே பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமைக்குத்தான் செலவிட்டார். யஷ்பால் குழு 1993-இல் கொடுத்த அறிக்கை, தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் கவனித்துவரச் சொல்வது மட்டும் போதும் என்றது. பாட்டியிடம் ஒரு வேலை கொடுங்கள்: தினமும் பத்து நிமிடம் பேத்தி கதைப் புத்தகம் வாசிக்க, அவர் கேட்க வேண்டும். தப்பாக வாசித்தால் குறுக்கிடாமல், பக்கம் முடிந்ததும் அந்தச் சொல்லை மட்டும் திருப்பிக் காட்டினால் போதும்.

பள்ளி மாற்றத்தை இப்போது யோசிக்காதீர்கள். நடு வருடத்தில் டிசி வாங்கி, புதுப் பள்ளியில் சேர்ந்து, அங்கேயும் இதே மூன்று நோட்டைக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? முதல்வரின் பதில் தெரிந்த பிறகு, வருடக் கடைசியில் பேசலாம். அப்போது புதுப் பள்ளியில் விண்ணப்பம் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

வியாழக்கிழமைப் பக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது. இடது கையால் எழுதியதை மிஸ்ஸிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கவும் கூடும், வருடம் முழுக்க அந்தக் கையெழுத்தையே திருத்துகிறவர் அவர். அதைவிட முக்கியமான காரணம், அந்தப் பக்கத்தில் பிழையே இருக்காது. பிள்ளைக்கு எது வரவில்லை என்பதை மிஸ் பார்க்க முடியாதபடி செய்துவிட்டது அது. மகளும் அதைப் பார்த்திருப்பாள். அந்தப் பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, "குழந்தை தூங்கிவிட்டாள், இதை நான் எழுதினேன்" என்று உங்கள் சொந்தக் கையெழுத்தில், வலது கையால் எழுதி, தேதி போட்டு, அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.